சுருதிச் சோதனை

ஜனவரி 11

அன்புத் தங்கைக்கு,

உடம்பு சுமார். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் மருமகளும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. கொஞ்ச நாளாகப் போனில் உன் குரல் யாரோ பள்ளிக்கூடத்துப் பெண்ணின் குரல் போலக் கீச்சென்று கேட்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இசை வகுப்பை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பியதும், "நம்ம கடையிலயே வந்து சொல்லிக்கொடுண்ணே" என்று தம்பி கூப்பிட்டதைப் பாசம் என்று நீ நினைக்கிறாய். அது பயம். அப்பா அவனுக்கு விட்டுப்போன கடையில் கருவி வாங்க இப்போது யாரும் வருவதில்லை. தொட்டுப் பார்க்கிறார்கள், விலைச்சீட்டைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், வீட்டில் சாய்ந்துகொண்டு வேறெங்கோ வாங்குகிறார்கள். வகுப்பு வைத்தால் பிள்ளை வாரம் தவறாமல் வரும். கூடவே அம்மா வருவாள். அவள் உட்காரும் பெஞ்சைச் சரியாகப் புது வயலின்கள் தொங்கும் சுவருக்கு எதிரே போட்டிருக்கிறான் உன் அருமை அண்ணன். பாட்டுதான் வராது, மூளை வரும்.

சரக்கு அறையை ஒட்டுப்பலகையால் மூன்றாகத் தடுத்திருக்கிறான். முதல் அறையில் என் வயலின். நடுவில் கீபோர்டு சொல்லித்தரும் டீச்சர். கடைசியில் கிதார்க்காரர், தொப்பியைக் கழற்றியே பார்த்ததில்லை என்பதால் அவர் பெயரே 'தொப்பி'. ஒவ்வொரு கதவிலும் கண்ணாடி. மாதக் கட்டணம் முதல் வாரமே கட்ட வேண்டும். பிள்ளை வராத நாளுக்கு வேறு நாள் கிடையாது. எல்லாம் அவன் சட்டம்.

என் சட்டம் ஒன்றே ஒன்று: சேர்வதற்கு முன் சுருதிச் சோதனை. காது இல்லாத பிள்ளையை நான் எடுக்க மாட்டேன். இதற்கே முதல் நாள் சண்டை.

"கடைக்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புறியேண்ணே, இது என்ன ராணுவமா?"

"உங்கப்பா என்னைத் திருப்பி அனுப்பலையா?" என்றேன். என் சட்டத்தையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டான்.

மறந்திருக்க மாட்டாய். வாத்தியக் குழுவின் தேர்வுக்கு நான் கிளம்ப இருந்த நாளில், இதே கடையில், வாடிக்கைக்காரர்கள் முன்னால் என்னை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "ஏறியிருக்கு. உனக்குச் சுருதி நிக்காது. மேடை ஆசையை விடு" என்றார். நான் தேர்வுக்குப் போகவில்லை. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மூக்கொழுகலுக்கு நடுவே வாசித்தேன்.

ஆகஸ்டில் ஆண்டு விழா. அதற்குள் வகுப்புகள் நிலைத்துவிட்டால் கடை வாசலில் என் பெயரில் இசைப்பள்ளிப் பலகை மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் என்னை வேண்டாம் என்ற அதே வாசலில். அதற்காகத்தான் வந்தேன். வேறு எதற்கும் இல்லை.

உன் அண்ணன்


ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், வீம்பு பார்க்காமல். உங்கள் மருமகள் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு தூங்குகிறாள்.

நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வது எனக்கு நிம்மதி. சின்ன அண்ணன் போனில், "பெரியவன் வாசிச்சுக் காட்டினாலே பிள்ளைங்க வாயைப் பிளக்குதுங்க" என்றான். இதை உங்களிடம் அவன் சொல்ல மாட்டான்; நீங்களும் கேட்க மாட்டீர்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பா பேச்சை விடுங்கள் அண்ணா. போனவரோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவீர்கள்?

அன்புடன்,
உங்கள் தங்கை


மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் உன் பேச்சைக் கேட்கிறது. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா?

வகுப்புகள் நிரம்பிவிட்டன. மாலையில் கடைக்குள் நுழைய இடமில்லை. பெஞ்சில் உட்கார்ந்த அம்மாக்கள் சுவரைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். தம்பி மனைவி கல்லாவில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது.

ஆனால் சரக்கு மட்டம். இந்த முறை வந்த கீபோர்டுகள் அத்தனையும் சுருதி ஏறிக் கிடக்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, அத்தனையும். மலிவாகக் கிடைக்கிறது என்று எங்கோ வாங்கியிருக்கிறான். மொத்த வியாபாரியைப் போனில் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அந்த ஆள், "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். படித்தவனுக்கு இந்த நாட்டில் மரியாதை அவ்வளவுதான்.

நல்ல வேளை, சுருதியை ஏற்றி இறக்க அவற்றில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து, வகுப்பிலும் காட்சிக்கும் இருக்கிற அத்தனை கீபோர்டுகளையும் என் காதுக்குச் சரியாக இறக்கிவைத்தேன். டீச்சரம்மா முகத்தைச் சுளித்தாள். "பழகினா சரியாயிடும்மா" என்றேன். பிள்ளைகளின் வயலின்களுக்கு எப்போதும் நானே சுருதி சேர்க்கிறேன். இப்போது கடை முழுதும் ஒரே சுருதி.

போன வாரம் பல் டாக்டரம்மா தன் மகளைக் கூட்டி வந்தாள். வீட்டில் நாலு வருஷம் பியானோ படித்த பெண்ணாம். துணையில்லாமல், வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கும் அந்த 'ஏ' சுரத்தைப் பாடு என்றேன். பாடினாள். குரல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஏறியிருந்தது. மறுபடி பாடச் சொன்னேன், மறுபடி அதே இடம். "ஏறியிருக்கு. சுருதி நிக்கல" என்று அனுப்பிவிட்டேன். பெண் அழுதது. டாக்டரம்மா, "நீங்க உங்க காதைக் காட்டுங்க சார் யார்கிட்டயாவது" என்று கதவை அறைந்துவிட்டுப் போனாள். பணக்காரர்களுக்குப் பிள்ளை பெறத் தெரிகிறது, உண்மையைக் கேட்கத்தான் தெரிவதில்லை.

உன் அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இருமல் நின்றுவிட்டது, இப்போது எனக்குத் தலைவலி. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன். கீபோர்டு விஷயம். எல்லாமே ஏறியிருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு ஒரு சமயம் அப்பாவும் இப்படித்தான், கடைக்கு வந்த ஆர்மோனியங்கள் எல்லாம் கோளாறு என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். அப்புறம் ஒரு நாள் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் வாசிக்கவே இல்லை. அது பழைய கதை, விடுங்கள்.

அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டு, வேறு யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்களேன். காதையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வயதாகிறது அல்லவா, எனக்கும்தான்.

உங்கள் தங்கை


மே 20

தங்கைக்கு,

தலைவலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சான்றிதழோடு சொல்கிறேன்.

உனக்காகப் போனேன். காது டாக்டர் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, சன்னமான ஒலிகளை ஒவ்வொன்றாக விட்டார். ஒன்றைக்கூட நான் விடவில்லை. "இருபது வயசுப் பையன் காது சார் உங்களுக்கு" என்றார். அந்தக் காகிதத்தைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தேன். மறுநாள் தம்பி அதைக் கிழித்துவிட்டான். "கடைக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்கிறான்.

இதற்கிடையே, காட்சிக்கு வைத்ததைக் கேட்டு வாங்கிப்போனவர்கள் இரண்டு பேர் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். கடையில் கேட்ட சத்தம் வேறாம், பெட்டியைப் பிரித்தால் வருகிற சத்தம் வேறாம். தம்பி என்னைப் பார்த்தான். நான் மொத்த வியாபாரியைப் பார்க்கச் சொன்னேன். மறுநாள், சுருதியைக் காட்டும் சின்ன மின்கருவி ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். சரியானால் பச்சை விளக்கு எரியுமாம். மூன்று வயதில் தட்டு விழுந்த சத்தத்துக்குச் சுரம் சொன்னவன் நான். எனக்குப் பச்சை விளக்கு! எடுத்துப் பழைய சாமான் பெட்டியில் போட்டேன்.

அப்பா ஆர்மோனியத்தைத் திருப்பி அனுப்பினாராம். அனுப்பட்டும். என்னை அனுப்பியவருக்கு ஆர்மோனியம் எம்மாத்திரம்?

விழாவுக்கு நகர மண்டபத்தைப் பேசியாயிற்று. அங்கே பெரிய பியானோ இருக்கிறது. பிள்ளைகளின் வயலினோடு அதையும் சேர்த்து ஒரு உருப்படி வைத்திருக்கிறேன். வாசிக்கக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வருகிறார்.

அண்ணன்


ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

காது நன்றாக இருப்பது சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விழாவுக்கு முன்பே பிள்ளைகளை ஒரு நாள் மண்டபத்துக்குக் கூட்டிப்போய் அந்தப் பியானோவோடு வாசிக்கவைத்துப் பாருங்கள். ஒரு நாள் போதும் அண்ணா. என் பேச்சை எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? இதை மட்டும் கேளுங்கள்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 9

அன்புத் தங்கைக்கு,

சுகம். இந்த ஆண்டில் முதன்முறையாக இந்தச் சொல்லை மனதோடு எழுதுகிறேன். நீயும் சுகமாக இரு.

விழா முடிந்தது. நீ சொன்னபடி முன்கூட்டியே போகவில்லை. மண்டபத்துக்கு இன்னொரு நாள் வாடகையா என்று எனக்கே தோன்றியது. நடந்ததைக் கேள். கிதார் முடிந்தது, கீபோர்டு முடிந்தது. வயலின் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பேராசிரியர் பியானோவில் கை வைத்தார். தங்கையே, இரண்டு வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று இடிந்து விழுந்ததுபோல ஒரு சத்தம். அம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை வில்லைத் தாழ்த்திவிட்டு என்னையே பார்த்தது.

நான் மேடைக்குப் போய், "பியானோ ஏறியிருக்கு" என்றேன்.

"காலையிலதான் ஆள் வந்து சுருதி சேர்த்துட்டுப் போனார்" என்றார் பேராசிரியர்.

"அப்போ அந்த ஆளுக்கும் காது இல்ல."

மண்டபம் மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது தம்பி மேடையேறி வந்தான். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, "மன்னிக்கணும், மண்டபத்துப் பியானோல கோளாறு. எங்க அண்ணன் காது தப்பாது. பிள்ளைங்க பியானோ இல்லாமலே வாசிப்பாங்க" என்றான். பேராசிரியர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார். கீபோர்டைத் துணைக்கு வைத்துப் பிள்ளைகள் வாசித்தார்கள். ஒரு பிசிறில்லை. கைதட்டல் ஓயவில்லை.

நான்தான் சரி என்று அவன் ஊரறியச் சொன்னான். அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும். பலகைக்கு ஆள் பார்த்துவிட்டேன்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? பிள்ளைகள் நன்றாக வாசித்தது சந்தோஷம்.

சின்ன அண்ணன் போன் செய்தான். வெகு நேரம் பேசினான். உங்களிடம் பேச வேண்டும் என்கிறான். அவன் பேசினால் கோபப்படாமல் கேளுங்கள். அவன் உங்களுக்கு எதிரி இல்லை அண்ணா. எப்போதும் இருந்ததில்லை.

உங்கள் தங்கை


அக்டோபர் 5

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியே என்று நினைக்கிறேன்.

அவன் பேசினான். கடை விடுமுறை நாளில் மத்தியானம் கூப்பிட்டான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தான்: மூன்று வேறு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகள், அப்போதுதான் பெட்டியைப் பிரித்து எடுத்தவை, நான் தூக்கிப் போட்ட அந்த மின்கருவி, அவன் போன். ஒவ்வொன்றிலும் 'ஏ' சுரத்தை எழுப்பினான். பிறகு என் வயலினை மீட்டச் சொன்னான்.

"எல்லாம் ஒண்ணு சொல்லுதுண்ணே. நீ மட்டும் வேற சொல்றே."

"உலகம் முழுக்க மட்டச் சரக்கு" என்றேன்.

"அப்படியே வச்சுக்கோ. நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல."

"அன்னிக்கு மேடையில சொன்னது?"

அவன் கீபோர்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெட்டியில் வைத்தான். பிறகு, "என்னை என்னண்ணே செய்யச் சொல்றே? அத்தனை பேர் முன்னால உன்னை நிக்கவிடவா?" என்றான்.

வீட்டுக்கு வந்து என் பெட்டியைக் கவிழ்த்தேன். படிக்கிற காலத்தில் என் ஆசிரியர் கொடுத்த இசைக்கவை, தட்டினால் 'ஏ' சுரம் மட்டும் ஒலிக்கும் எஃகுக் கவை, அடியில் கிடந்தது. அதைக் கேட்டுத்தான் 'ஏ' சுரம் எனக்குள் ஏறியது. தட்டிக் காதருகே பிடித்தேன். ஏறியிருந்தது. கீபோர்டு போலவே, பியானோ போலவே. அந்தப் பல் டாக்டர் மகள் பாடியதும் அதே இடம்தான். மலிவு விலைக் கம்பெனியை நான் திட்டலாம். அந்த எஃகுக் கவையை என்னவென்று திட்டுவேன்?

திரும்பவும் டாக்டரிடம் போனேன். இந்த முறை விவரமாகக் கேட்டேன். காது கேட்பதில் குறையில்லையாம். சிலருக்கு நடுத்தர வயதுக்குப் பிறகு, துணையில்லாமல் சுரம் சொல்கிற அந்தக் கணக்கு மட்டும் மெல்ல நகர்ந்துவிடுமாம். உண்மையான சுருதி ஏறியதாகக் கேட்குமாம். நகர்வது நகர்பவனுக்குத் தெரியாதாம். "குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்றார். தெரியாது என்றேன்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். அப்பாவோடு கடைசிவரை இருந்தவள் நீ. அவர் ஏன் ஆர்மோனியங்களைத் திருப்பி அனுப்பினார்? ஏன் நிறுத்தினார்? அதன் பிறகு ஏன் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை? என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாரே, அன்று அவருக்கு என்ன வயது? இன்று எனக்கு இருக்கும் வயது.

அவருக்குத் தெரிந்ததா? தெரிந்த பிறகும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்றாரா? உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

அண்ணன்


நவம்பர் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலமா? நாங்கள் நலம். இங்கே ஒரு வாரமாக மழை விடவில்லை. பின்பக்கச் சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்கிறது. உங்கள் மாப்பிள்ளைக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு நாள் கஞ்சிதான். உங்கள் மருமகள் தேறிவிட்டாள், எல்லாப் பாடத்திலும். பக்கத்து வீட்டை விற்கிறார்கள். யார் வரப்போகிறார்களோ.

குளிர் காலம் வருகிறது. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன அண்ணனோடு சேர்ந்து சாப்பிடுங்கள், தனியாகச் சாப்பிடாதீர்கள். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உங்கள் தங்கை


டிசம்பர் 14

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. சுவர், பல், பரீட்சை, பக்கத்து வீடு, எல்லாவற்றுக்கும் தாளில் இடம் இருந்திருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் இல்லை. இல்லை என்றால் இல்லை என்று உடனே எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். ஆக, அன்று நான் சரியாகத்தான் வாசித்திருக்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக ஒரு மனிதரை வெறுத்துப் பழகியிருக்கிறேன். அவருக்கும் ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார் என்றால் அந்த வெறுப்பைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? உன்மேல் வைக்கலாமா என்று பார்த்தேன். நீ எனக்கு இருக்கிற ஒரே தங்கை.

பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று. டாக்டரம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "அவ பியானோவையும் விட்டுட்டா சார். மூடி வச்சுட்டோம்" என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன்.

பலகை மாட்டியாயிற்று. தம்பி வாக்குத் தவறவில்லை. என் பெயர் பெரிதாகத்தான் இருக்கிறது. வயலின் அறைக்கு இளம் ஆசிரியை ஒருத்தி வந்துவிட்டாள். பிள்ளைகளின் வயலின்கள், கீபோர்டுகள், எல்லாவற்றுக்கும் அவள் மறுபடி சுருதி சேர்த்தாள். எனக்குக் கடை முழுவதும் ஏறிக் கேட்கிறது. பழகிவிடும் என்கிறான் தம்பி.

நான் முன்பக்கம் சேர்க்கை மேஜையில் உட்காருகிறேன். நேற்று ஒரு அம்மா வந்தாள். பையன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இவனுக்குச் சுருதி இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? நீங்க பெரிய வித்வான்னு சொன்னாங்க. இல்லைன்னா வீணா எதுக்கு ஆசை காட்டணும்?"

பையன் பாடத் தயாராக வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "இருக்கும்மா" என்றேன்.

"பாடவே இல்லையே!"

"இருக்கு. சேருங்க."

வருகிற எல்லோருக்கும் இப்போது இதையேதான் சொல்கிறேன். ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை. ஜனவரிக்கு மேல் இன்னொரு அறை தடுக்க வேண்டியிருக்கும். கல்லாவிலிருந்து தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா போனதும் என் தோளைத் தட்டி, "இப்பத்தாண்ணே உனக்கு வியாபாரம் பிடிபட்டிருக்கு" என்றான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் ஆமாம் என்றேன்.

அண்ணன்